நாலு ஞாயிற்றுக்கிழமை

அம்மாவுக்கு வயது 78. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 30 வருஷம் மரம் சீவிப் பால் எடுத்தவர். கைபேசியில் படம் போட்டுக் கொடுத்தால், "என்னடா இது, ஆளெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது" என்று திருப்பித் தந்துவிடுவார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய காலத்திலிருந்து அவருக்குப் படம் என்றால் பெரிசாகத் தெரிய வேண்டும். அதனால் ஈப்போ நகரத்துத் தியேட்டருக்கு அழைத்துப் போவேன். தோளில் ஸ்வெட்டர், கைப்பைக்குள் தாளில் சுற்றிய முறுக்கு.

இப்போது பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தில் ஓடிடிக்கு, அதாவது இணையத்தில் படம் காட்டும் செயலிகளுக்கு, போய்விடுகின்றன. நாலு வாரம் என்றால் எங்களுக்கு நாலே ஞாயிறு. ஒன்றில் முட்டிவலி, இன்னொன்றில் சொந்தத்தில் கல்யாணம். மூன்றாவது வாரம் காட்சியை இரவு ஒன்பதரைக்குத் தள்ளியிருப்பார்கள். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுப்பது) எழுந்து பழகிய உடம்பு, ஒன்பதுக்கே கண் சொருகிவிடும். போன படம் அப்படித்தான் கைவிட்டுப் போனது.

சில படம் சொன்ன தேதிக்கே வருவதில்லை. "ஏன்டா தள்ளிப் போவுது?" என்பார். வெளியீட்டுத் தேதியில் இப்போது ஓடிடி வியாபாரத்துக்கும் பங்கு இருக்கிறது. முன்பு ஒரு படத்தை வாங்க ஹாட்ஸ்டார் ஒரு விலை கேட்கும், ஜியோசினிமா ஒரு விலை கேட்கும். 2024 நவம்பரில் ஜியோசினிமாவை நடத்திய ரிலையன்ஸின் வயாகாம்18-ம் ஹாட்ஸ்டாரை நடத்திய டிஸ்னியின் ஸ்டாரும் இணைந்தன. 2025 பிப்ரவரியில் இரண்டு செயலிகளும் ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டன. சந்தையில் வாங்குகிற வியாபாரி ஒருவர் குறைந்தால் மீன் விலை என்ன ஆகும் என்று அம்மாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பணத்தை நம்பிப் படம் எடுத்தவர், அது கைக்கு உறுதியாகும்வரை தேதி சொல்லத் தயங்குகிறார்.

ஆங்கிலப் படத்திலும் இதே கதைதான். 2019 மார்ச்சில் டிஸ்னி சுமார் 7,100 கோடி டாலருக்கு ஃபாக்ஸ் பட ஸ்டூடியோ உள்ளிட்ட சொத்துகளை வாங்கியது. வருஷத்துக்குப் பத்துப் படத்துக்கு மேல் தந்த அந்த ஸ்டூடியோவின் பெயரில் இப்போது தியேட்டருக்கு வருபவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். படம் குறைந்தால் முதலில் தவிப்பது சின்ன ஊர்த் தியேட்டர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. ஈப்போவில் நாங்கள் போகும் தியேட்டர் மூடினால் அம்மாவுக்கு அடுத்த இடம் இன்னும் தூரமாகலாம்.

இந்த வியாழன் ஒரு புதுப்படம் வருகிறது. முதல் ஞாயிறு மதியக் காட்சிக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன். நடைபாதை ஓர இருக்கை, அம்மா முட்டியை நீட்டிக்கொள்ளலாம்.