குளிர்காலச் சொற்கள்: ஒத்திகை நாட்கள்

அக்டோபர் 12, 2024, சனி

நவம்பர் கச்சேரிக்கான பாடல்கள் இன்று முடிவாகிவிட்டன. முதல் பகுதியில் ஆங்கில இசையமைப்பாளர்கள் ரோஜர் க்வில்டர், ஐவர் கர்னி, ஜெரால்ட் ஃபின்ஸி. இடைவேளைக்குப் பிறகு பெஞ்சமின் பிரிட்டனின் 'வின்டர் வேர்ட்ஸ்' (குளிர்காலச் சொற்கள்) பாடல் தொகுப்பு மட்டும். ஆங்கிலக் கவிஞர் தாமஸ் ஹார்டியின் எட்டுக் கவிதைகளுக்குப் பிரிட்டன் 1953இல் இசையமைத்தார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே லீட்ஸ் நகருக்கு அருகே ஹேர்வுட் மாளிகையில் டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடகர் பீட்டர் பியர்ஸ் பாட, பிரிட்டனே பியானோ வாசிக்க, அது அரங்கேறியது.

இந்தத் தொகுப்பை வாசிக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. கவிதைகளுக்கு இசையமைத்த ஆங்கிலக் கலைப் பாடல்களில் பியானோவைப் பக்கவாத்தியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று வாதாடுபவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஹார்டி கேள்வியாகவே விட்டுவிட்ட இடங்களை எல்லாம் பிரிட்டன் பியானோவிடம் ஒப்படைத்திருக்கிறார். பாடகர் கதையைச் சொல்கிறார்; அந்தக் கதை நடக்கும் இடமும் குளிரும் இருட்டும் என் பொறுப்பு.

அக்டோபர் 17, வியாழன்

இன்று முழுக்க இரண்டாம் பாடல். நள்ளிரவு ரயிலில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில், ஒரு சிறுவன் தனியாகப் போகிறான். தொப்பிப் பட்டையில் டிக்கெட் செருகியிருக்கிறது. கழுத்துக் கயிற்றில் பெட்டிச் சாவி தொங்குகிறது. கூரை விளக்கின் வெளிச்சத்தில் அது உயிருள்ளது போல மின்னுகிறது. எங்கிருந்து வருகிறான், எங்கே போகிறான் என்று கவிஞர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் இல்லை.

பாடல் தொடங்குவது ரயிலின் கூவலில். அதை வாசிப்பது நான்தான். பெடலை அழுத்தி அந்த ஒலியை எவ்வளவு நேரம் தொங்க விடுவது என்பதே முதல் கேள்வி. சீக்கிரம் எடுத்துவிட்டால் அது வெறும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), தூரம் கேட்காது. அதிகம் விட்டால் அடுத்து வரும் சக்கரங்களின் ஓட்டம் சேறாகிவிடும். என் வீட்டுப் பியானோவில் கண்டுபிடித்த அளவு அரங்கில் செல்லுபடியாகாது என்பதும் தெரியும். அங்கே போய்க் காதால்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று மெய்யெழுத்துகள். ஆங்கிலப் பாட்டில் மெய் தாளத்துக்குச் சற்று முன்பே வந்துவிட வேண்டும். உயிர்தான் தாளத்தின் மேல் விழ வேண்டும். கழுத்துக் கயிற்றைச் சொல்லும் 'ஸ்ட்ரிங்' என்ற சொல்லில் உயிருக்கு முன்னால் மூன்று மெய்கள் நிற்கின்றன. பாடகர் அவற்றைச் சொல்லி முடிக்கும் வரை என் விரல் காத்திருக்க வேண்டும். ஆனால் ரயில் நின்றுவிட்டதாகத் தோன்றவும் கூடாது. அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு வாசித்தால் தாமதமாகிவிடும். மூச்சு இழுப்பதைக் கேட்டாலே எங்கே இறங்குவார் என்பது தெரிந்துவிடுகிறது. நல்ல பாடகர் எனக்காகவும் சேர்த்தே மூச்சு எடுக்கிறார்.

அக்டோபர் 26, சனி

நானும் கச்சேரியில் பாடும் டெனர் நண்பரும் காலை ரயிலில் லண்டனிலிருந்து டார்செஸ்டர் போனோம். ஹார்டி கட்டிக் குடியிருந்த 'மேக்ஸ் கேட்' வீடு ஊரின் ஓரத்தில் இருக்கிறது. வீட்டைச் சுற்றி அவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை நட்டார். பெரும்பாலும் ஆஸ்திரியப் பைன். தொகுப்பின் முதல் பாடலில் வரும் மரங்கள் இவைதாம் என்றே நினைக்கிறேன். நவம்பர் மாலையில், நடனத்துக்குக் காத்திருப்பவர்கள் போலப் பைன் மரங்கள் தலையை அசைக்கின்றன. இளமையில் தானே நட்ட மரங்கள் அவை. அவை இல்லாத காலமும் இருந்தது, இனி இல்லாமல் போகும் காலமும் வரும் என்பது அங்கே விளையாடும் குழந்தைகளுக்குத் தெரியவில்லை. இந்த முதல் பாடலை நாங்கள் வேகமாகவே எடுக்கிறோம். காற்று வீச வேண்டும். அதைச் சோகமாக இழுத்துப் பாடுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

பிறகு ஸ்டின்ஸ்ஃபோர்டு தேவாலயம். 1928இல் ஹார்டி இறந்தபோது அஸ்தியை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும், இதயத்தை மட்டும் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தாருடனும் அடக்கம் செய்தார்கள். அவருடைய தாத்தாவும் அப்பாவும் இந்தக் கோயிலின் மாடத்தில் வயலினும் செல்லோவும் வாசித்த குழுவைச் சேர்ந்தவர்கள். அப்படிப்பட்ட கிராமத்து வாத்தியக் குழுக்களை 19ஆம் நூற்றாண்டில் ஆர்கனும் ஹார்மோனியமும் சிறிது சிறிதாக வெளியேற்றிவிட்டன. இந்தப் பாடல்களில் பல, அந்த இழப்பை அறிந்த ஒருவரின் பாடல்கள்.

திரும்புவதற்கு முன் வேமத் போகும் ரயிலில் ஏறி அப்வே நிலையத்தையும் பார்த்துவிட்டோம். ஏழாம் பாடல் நடக்கும் இடம் அது. சிறிய நிலையம், இறங்கியவர்கள் குறைவு.

நவம்பர் 3, ஞாயிறு

ஐந்தாம் பாடலைப் பற்றி விரிவாக எழுதியே ஆக வேண்டும். தொகுப்பின் நெஞ்சு அதுதான்.

கோயில் பாடகர் குழுவின் தலைவர், தான் இறந்தால் கல்லறை அருகே தனக்குப் பிடித்த 'மவுண்ட் எஃப்ரயிம்' மெட்டை வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். எத்தனையோ பேரை அப்படி வாசித்து வழியனுப்பியவர் அவர். இறந்ததும் தோழர்களில் ஒருவர் பாதிரியாரிடம் பேசினார். இந்தப் பனியில் வெளியே வாத்தியங்கள் வேண்டாம், ஜெபத்தை வாசித்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார் பாதிரியார். மெட்டில்லாமலே புதைத்தார்கள். மறுநாள் நள்ளிரவு பாதிரியார் வெளியே பார்க்கிறார்: உறைபனி படிந்த புல்லில், கோயில் கண்ணாடியில் தீட்டிய புனிதர்களைப் போல வெள்ளை உடுத்த ஒரு கூட்டம், அந்தப் பழைய மெட்டைப் பாடி வாசித்துக்கொண்டிருக்கிறது.

'மவுண்ட் எஃப்ரயிம்' உண்மையான மெட்டு. 18ஆம் நூற்றாண்டில் பாத் நகரில் வாழ்ந்த பெஞ்சமின் மில்க்ரோவ் இயற்றியது. பிரிட்டன் அதைப் பாடலின் தொடக்கத்திலேயே பியானோவில் வைத்துவிடுகிறார். பாடகர் அந்த விருப்பத்தைச் சொல்லும்போதே விரும்பிய மெட்டு கீழே ஒலித்துக்கொண்டிருக்கிறது. மறுக்கப்படப் போவது எது என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் கருணையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆகவே அந்த முதல் பக்கத்தை நான் துணை வாசிப்பாக வாசிக்க மாட்டேன். மாடத்தில் உட்கார்ந்து வாசித்த நாலைந்து பேராக வாசிக்க வேண்டும்: நான்கு குரல்களும் சமமாக, பெடல் குறைவாக, ஒவ்வொரு வரி முடிவிலும் வயலின் வில்லை எடுப்பது போலச் சிறு இடைவெளியோடு. பாதிரியார் பேசும்போது நடை மாற வேண்டும். ஆனால் அவரைக் கேலிக்குரியவராக்கிப் பாட வேண்டாம் என்று நண்பரிடம் சொன்னேன். குளிரில் வேலையை முடித்துக்கொண்டு போக நினைக்கும் சாதாரண மனிதர் அவர். அந்தச் சாதாரணத்தில்தான் கொடுமை இருக்கிறது. நண்பர் ஒப்புக்கொண்டு அந்த வரிகளை நிதானமாக, நல்ல மனிதர் ஒருவர் பேசுவது போலப் பாடினார். அறை சில்லிட்டுப் போயிற்று.

கவிதையின் கடைசி இரு வரிகளில்தான் சொன்னவர் யாரென்று தெரிகிறது. குழுவில் டெனர் பாடிய ஆள், வயதான பின் சொன்ன கதை இது. பாடுகிறவரும் டெனர். அந்த வரிகளில் நண்பர் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. தன் குரலில் சொன்னால் போதும்.

நவம்பர் 9, சனி

முதல் பகுதியை ஒரே மூச்சில் முடித்தோம். கர்னியின் 'ஸ்லீப்' மட்டும் மீண்டும் மீண்டும். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் மாணவராக இருந்தபோது, முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு எழுதியது. பின்னர் போர்முனைக்குப் போனார். 1922 முதல் 1937இல் இறக்கும் வரை மனநல மருத்துவமனைகளில் இருந்தார். அவருடைய பாடல்கள் மறைந்துவிடாமல் பாடுபட்டவர்களில் ஃபின்ஸி முக்கியமானவர். 1938இல் இரண்டு தொகுதிகள் வெளிவந்தன. இருவரையும் அடுத்தடுத்து வைக்க நான் பிடிவாதம் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

பிறகு ஏழாம் பாடல், அப்வே நிலையம். கைவிலங்கிட்ட கைதி, காவலர், வயலினோடு ஒரு சிறுவன். கொடுக்கக் காசில்லாததால் சிறுவன் கைதிக்காக வயலின் வாசிக்கிறான். கைதி சுதந்திரத்தைப் புகழ்ந்து திடீரென்று பாடுகிறான். காவலர் சிரித்துக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. பியானோ இங்கே வயலினாகவே மாறிவிடுகிறது. ஒற்றை வரி, கீழே தாங்கிப் பிடிக்கத் தாழ்ந்த பாஸ் சுரம் இல்லை. மேடையில் மிகவும் அம்மணமாக உணரும் இடம் எனக்கு இதுதான்.

நவம்பர் 15, வெள்ளி

அரங்கில் ஒத்திகை. கல் சுவர்கள், எதிரொலி அதிகம். ரயில் கூவலுக்கு வீட்டில் வைத்த பெடலில் பாதி போதும். பியானோ மூடியை முழுதாகத் திறந்தே வைத்தோம். மூடினால் ஒலி குறைவதைவிடச் சொற்களின் விளிம்பு மழுங்குவதுதான் அதிகம். ஒலியளவு என் விரல்களின் வேலை.

பியர்ஸின் குரலில் நடு சி-க்கு மேலுள்ள ஈ சுரம் மிகவும் ஒளிர்ந்தது. பிரிட்டன் அதை மனத்தில் வைத்தே எழுதினார். எங்கள் நண்பரின் குரல் மலர்வது அதற்கும் மேலே. பியர்ஸின் பதிவுகளை ஒத்திகைக் காலத்தில் கேட்பதில்லை என்று முடிவு செய்தது சரியாகப் போயிற்று. அந்தக் குரலைப் பின்பற்றிப் பாடிய பல டெனர்களைக் கேட்டுச் சலித்திருக்கிறேன்.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று கச்சேரி. கடைசிப் பாடலைப் பற்றி மட்டும் குறித்துவைக்கிறேன்.

உணர்வு பிறப்பதற்கு முன், வலி என்பதை யாரும் அறியாத ஒரு காலம் இருந்தது என்கிறார் ஹார்டி. அந்த அறியாமை எப்போது திரும்பும், இன்னும் எவ்வளவு காலம் என்ற கேள்வியோடு முடிக்கிறார். இடது கையில் தாழ்ந்த ஸ்தாயியில் மூன்று சுரங்கள் அடுக்கிய எளிய கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றையும் சம எடையில் வாசித்தால் சுவர் எழும்பிவிடும். பாடகர் அதன் பின்னால் போய்விடுவார். அடி சுரத்தை மட்டும் சற்று அழுத்தி, மற்ற இரண்டையும் அதன் மேல் சாய விட்டேன். நண்பர் கடைசிக் கேள்வியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டார். கெஞ்சலாக, பிறகு கோபமாக. அந்தக் கோபம் ஒத்திகையில் வந்ததே இல்லை. நானும் அதோடு போனேன், இசைப் பிரதியில் உள்ளதைவிடப் பலமாக. பிரிட்டன் மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

தொகுப்பில் சேர்க்காமல் விட்ட இரண்டு ஹார்டி பாடல்களைப் பிரிட்டன் எழுதி வைத்திருந்தார், பின்னாளில் அச்சாயின. அவற்றின் பிரதியை நண்பர் நேற்றிரவே பையில் கொண்டுவந்திருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை என் வீட்டில் வாசித்துப் பார்க்கப் போகிறோம்.