தண்ணீர்மலையில் ஒரு நாள் கூடுதலாக

சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பினாங்கு தண்ணீர்மலை புதிதல்ல. துவாஸ் சோதனைச் சாவடியைத் தாண்டி ராத்திரி முழுக்கப் பேருந்தில் போய், விடிந்ததும் குளித்துவிட்டு 513 படி ஏறி, பாலதண்டாயுதபாணியைக் கும்பிட்டு, மதியம் அங்குள்ள லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. அதோடு சரி, பேருந்து அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். முருகன் முதலில் குடியிருந்த அருவிக்கரைப் பக்கம் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

கோயிலுக்குச் சொல்லப்படும் வரலாறு இதுதான். மலைமேல் இன்று நிற்கும் பெரிய கோயிலுக்கு 2012-இல் குடமுழுக்கு நடந்தது. ஆனால் வழிபாடு அதைவிட மிகப் பழையது. கூலி வேலைக்கு வந்த நம் முன்னோர்கள், இப்போது தாவரவியல் பூங்கா இருக்கும் பகுதியில், அருவிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சந்நிதி வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் ஊருக்குக் குடிநீர் எடுக்க அந்த இடம் தேவைப்பட்டது. சாமி குன்றின்மேல் இடம் மாறினார். அருவியும் முருகனும் சேர்ந்திருப்பது நமக்குப் பழக்கமான காட்சிதானே. பழமுதிர்சோலைக்கு மேலே நூபுர கங்கை, சுருளியில் அருவியை ஒட்டியே வேலப்பர். கடல் தாண்டி வந்தவர்கள் இங்கேயும் தண்ணீர் விழும் இடத்தைப் பார்த்ததும் வேலை ஊன்றிவிட்டார்கள்.

நாங்கள் போனது செப்டம்பர் பள்ளி விடுமுறையில். என் மாமியார், கணவர், மகன், அப்புறம் எங்கள் புளோக்கில் கீழ்வீட்டு அக்கா. முதல் நாள் படியேறி அர்ச்சனை செய்தோம். அத்தைக்கு முழங்கால் வலி இருந்தும் பாதிப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்தபடியே ஏறி, நின்று நின்று "முருகா" என்றார். மேலே போய் நின்றபோது ராஜ அலங்காரம். அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. இறங்கி வந்து அடிவாரத்தில் நகரத்தார் கோயிலிலும் கும்பிட்டோம். நம் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859-இல் எழுப்பியவர்களும் செட்டியார்கள்தான் என்பதால் உள்ளே நுழைந்ததும் சொந்த ஊர்க் கோயிலுக்கு வந்த உணர்வு. 1894-இல் தமிழ்நாட்டிலிருந்து வந்த பினாங்கு நகரத்தாரின் வெள்ளி ரதம் இன்றைக்கும் தைப்பூசத்துக்கு இங்கே வருகிறது.

மறுநாள் காலைதான் பூங்காவுக்குப் போனோம். கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். 1884-இல், பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் உண்டாக்கிய பூங்கா. மூன்று பக்கமும் காட்டு மலை. முதல்நாள் இரவு நல்ல மழை பெய்திருந்ததால் நடுவே ஓடும் ஓடை செம்மண் கலந்து, பாறைக்குப் பாறை மோதி இரைந்துகொண்டு வந்தது. பெரிய அருவி அதற்கும் மேலே, குடிநீர் எடுக்கும் வளாகத்துக்குள் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி வாங்காமல் உள்ளே போக முடியாது. "அவ்வளவு தூரம் வந்து அருவியில தலை நனைக்காமப் போறதா?" என்று அக்காவுக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது ஊர் குடிக்கிற தண்ணீர். ஜோகூரிலிருந்து குழாயில் தண்ணீர் வரவழைத்துக் குடிக்கிற நமக்கு அதன் அருமை தெரியும். ஓடையில் கையை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

பூங்காவில் நாகலிங்க மரம் ஒன்று பூத்திருந்தது. பூக்கள் கிளை நுனியில் இல்லை, அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகத் தொங்கின. இதழ்கள் தடிப்பாக, உள்பக்கம் செந்நிறமாக, வெளிப்பக்கம் மஞ்சள் ஓடியிருந்தன. நடுவில் சிறு லிங்கம், அதன்மேல் மகரந்த இழைகள் வளைந்து ஐந்தலை நாகம் போலக் கவிந்து நிற்கின்றன. வாசனை பத்தடி தூரத்திலேயே வந்துவிடுகிறது. கீழே விழுந்து கிடந்த ஒன்றை மகன் எடுத்து, "பாட்டி, சாமிக்கு வைக்கலாமா?" என்றான்.

"விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கறதில்லய்யா, பவளமல்லி தவிர. இங்க பறிக்கவும் கூடாது. சாமியே மரத்துல உக்காந்திருக்காரு, இங்கேயே கும்பிட்டுக்கோ" என்றார் அத்தை. சொல்லிவிட்டு அவரும் அந்த மரத்தடியில் கைகூப்பி நின்றார். தேவாரம் ஒன்றை மெல்லப் பாடவும் செய்தார். பக்கத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த சீனப் பெரியவர்கள் பாட்டு முடியும்வரை காத்திருந்து தலையசைத்தார்கள்.

பூங்காவுக்கு வெளியே, சாலையோரம் வட்டமாக ஒரு கல் வாசல் இருக்கிறது. நிலா வாசல் என்பார்கள். பினாங்கு மலைக்குப் போகும் காட்டுப் பாதை அங்கிருந்து தொடங்குகிறது. அத்தையையும் மகனையும் என் கணவர் ஆயர் ஈத்தாம் நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டார். 1923-இலிருந்து ஓடும் மலை ரயில் அவர்களை மேலே கொண்டுபோகும். நானும் அக்காவும் நடந்தோம்.

163 மீட்டர் புக்கிட் தீமாவில் ஏறிப் பழகிய கால்களுக்கு இது வேறு கணக்கு. பினாங்கு மலை 800 மீட்டருக்கும் மேல். வேர்களே படிகள். மழை ஈரத்தில் செம்மண் வழுக்கியது. சில் வண்டுகளின் சத்தம் நிற்கும்போதெல்லாம் எங்கோ தண்ணீர் ஓடுவது கேட்கும். அக்கா "வேல் வேல்" என்பார், நான் "வெற்றிவேல்" என்பேன். மூச்சு வாங்கியபின் அதுவும் மனசுக்குள்தான். பாதி வழியில் 84 என்று எண் சொல்லி அழைக்கும் இளைப்பாறும் இடத்தில் உட்கார்ந்தோம். அங்கே குடித்த தேநீர், எனக்குக் கோயில் பிரசாதத்துக்குச் சமம். அதன்பின் தார்ச்சாலை, ஆனால் செங்குத்து. என் அனுபவத்தில் காட்டுப் பாதையைவிட அதுதான் கடினம்.

உச்சியில் அருளொளித் திருமுருகன் கோயில். பக்கத்திலேயே பள்ளிவாசல். ஆங்கிலேயர் காலத்துச் சிப்பாய்களும் பல்லக்குத் தூக்கிகளும் கும்பிட்ட சின்னச் சந்நிதியாக இருந்து வளர்ந்த கோயில் என்கிறார்கள். துரைகளைத் தோளில் சுமந்துகொண்டு இந்த மலை ஏறியவர்கள் அவர்கள். வெறுங்கையோடு ஏறிய எனக்கே கால் நடுங்கியது. சந்நிதியில் நின்றபோது எனக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுக்காக ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னேன். "பேரு, நட்சத்திரம்?" என்று குருக்கள் கேட்டார். "சாமி பேருக்கே செய்யுங்க" என்றார் அத்தை.

நடக்க முடியாத பெரியவர்கள் ரயிலிலேயே போய்த் தரிசிக்கலாம், குறையொன்றும் இல்லை. நடப்பவர்கள் காலையில் சீக்கிரம் தொடங்குங்கள், பிடிப்புள்ள காலணி போடுங்கள், தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அர்ச்சனைத் தட்டின் வாழைப்பழத்தைப் பைக்குள் மூடி வையுங்கள், பூங்காவில் குரங்குகள் நிறைய. அருவியை நேரில் பார்க்க விரும்பினால், கிளம்புவதற்கு முன்பே அனுமதிக்கு எழுதிவிடுங்கள். நாங்களும் அடுத்த பயணத்துக்கு அப்படித்தான் எழுதப் போகிறோம்.