நெட்லி: மடத்துக்குள் ஒரு மாளிகை

இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டனிலிருந்து போர்ட்ஸ்மத் பக்கம் போகும் ரயிலில் நெட்லியில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் இடிந்து நிற்கும் பழைய கிறிஸ்தவ மடாலயம் வந்துவிடும். கட்டணம் இல்லை. கூரையில்லாத தேவாலயத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். பார்க்க வேண்டியது, வெளிறிய கல் முடிந்து சிவப்புச் செங்கல் தொடங்கும் இடங்களை. கல் துறவிகள் கட்டியது. செங்கல் அவர்களுக்குப் பின் குடியேறிய பிரபு கட்டியது.

1239இல் பியூலி மடத்திலிருந்து வந்த சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்க சபையின் துறவிகள் இதைத் தொடங்கினார்கள். மன்னர் மூன்றாம் ஹென்றி புரவலரானார். சிலுவை வடிவத் தேவாலயத்தின் கைகள் சந்திக்கும் நடுவிடத்தில் ஒரு தூணின் அடியில் அவர் பெயர் பொறித்த கல் உண்டு. குனிந்தால்தான் கண்ணில் படும்.

எட்டாம் ஹென்றி 1536இல் மடத்தைக் கலைத்து, தம் அரசவையைச் சேர்ந்த வில்லியம் பாலெட்டுக்குக் கொடுத்தார். பாலெட் தேவாலயத்தை இடிக்காமல் அதையே வீடாக்கிக்கொண்டார். நீண்ட நடுக்கூடத்தில் விருந்து மண்டபமும் சமையலறையும் வந்தன. குறுக்குக் கைகள் அவருடைய சொந்த அறைகளாயின. பலிபீடப் பகுதி மட்டும் வீட்டுச் சிற்றாலயமாக நின்றது. துறவிகள் உறங்கிய மாடி உலாக்கூடமானது. அவர்களுடைய கழிப்பறைக் கட்டடம்கூடப் பெரிய அறைகளாக மாறியது! தெற்கே இருந்த உணவுக்கூடத்தை மட்டும் இடித்துவிட்டு, சிறு கோபுரங்கள் வைத்த வாசலைக் கட்டினார். அதனால் சுற்றிப் பார்ப்பதையும் தெற்கிலிருந்தே தொடங்குங்கள். பாலெட்டின் விருந்தாளிகள் வந்த வழி அது. வாசலைத் தாண்டியதும் வரும் புல்வெளி துறவிகளின் உள்முற்றம். பாலெட் அதன் நடைகூடங்களை அகற்றி நடுவில் நீரூற்று வைத்தார்.

1704 வாக்கில் வால்ட்டர் டெய்லர் என்ற கட்டடக்காரர் கல்லுக்காக இதை இடிக்கத் தொடங்கினார். மேற்குச் சன்னலின் கற்கள் சரிந்து அவர் இறந்துபோக, வேலை நின்றது. தேவாலயச் சுவர்கள் தப்பியது அதனால்தான். வடக்குக் குறுக்குக் கை இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அதை 1760களில் பெயர்த்து, வின்செஸ்டர் அருகே கிரான்பரி பூங்காவில் அலங்காரமாக நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ஆறாத வருத்தம் 19ஆம் நூற்றாண்டு உரிமையாளர்கள் செய்தது. இடிபாடு பழைய மடம்போலவே தெரிய வேண்டுமென்று பாலெட்டின் செங்கல் வேலையில் பெரும்பகுதியை அகற்றிவிட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மனிதர்கள் வாழ்ந்த வீடு அப்படித்தான் கண்ணிலிருந்து மறைந்தது. மிச்சமிருக்கும் செங்கல்லைத் தேட, வாசல் இருந்த தெற்குப் பக்கத்திலேயே அதிக நேரம் செலவிடுங்கள்.