ஓர்த்தீஜாவில் ஒன்றும் செய்யாமல் இருக்க ஒரு திட்டம்

விடுமுறைக்கு எங்கே போவது என்ற பட்டியலிலிருந்து கிரேக்கத் தீவான சான்டொரீனியை முதலிலேயே அடித்துவிட்டோம். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளை வீடுகளுக்கு நடுவே எங்கே பார்த்தாலும் படிக்கட்டு, அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவராது. மால்டா, மயோர்க்கா என்று வேறு தீவுகளையும் ஒரு சுற்று பேசிவிட்டு, இத்தாலியின் சிசிலித் தீவில் கிழக்குக் கரையில் இருக்கும் சிராகூசாவுக்கு வந்து சேர்ந்தோம். சரியாகச் சொன்னால், அதன் பழைய ஊரான ஓர்த்தீஜாவுக்கு.

ஓர்த்தீஜா ஒரு குட்டித் தீவு. பாலம் தாண்டினால் சிராகூசா நகரம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான், பெரும்பாலும் சமதளம். எந்தச் சந்தில் நுழைந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். கார் வேண்டாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. பழைய ஊருக்குள் அனுமதி இல்லாத வண்டிகளைக் கேமரா வைத்துப் பிடித்து அபராதம் போடுகிறார்கள். விடுமுறைக்குப் போய் அந்த வம்பு எதற்கு?

எந்த மாதம் போவது என்பதில்தான் அதிக நேரம் போனது. பள்ளி விடுமுறையை ஒட்டி ஆகஸ்டில் போகலாம் என்றார் ஒரு நண்பர். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசா அருகே பதிவான வெப்பம் 48.8 டிகிரி. ஐரோப்பாவிலேயே இதுவரை பதிவானதில் அதிகம் அதுதான் என்று உலக வானிலை அமைப்பும் உறுதி செய்துவிட்டது. சென்னை மே மாதத்திலிருந்து தப்பித்து அங்கே போய் வேகுவானேன்? அது போதாதென்று, ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ பண்டிகையை ஒட்டி இத்தாலியே கடற்கரைக்கு வந்துவிடும், வாடகையும் ஏறிவிடும். மே, ஜூனில் போனால் பழைய கிரேக்கத் திறந்தவெளி அரங்கத்தில் 1914இல் தொடங்கிய நாடக விழாவைப் பார்க்கலாம். எனக்கு அதில் ஆசைதான், ஆனால் மே மாதத்தில் கடல் நீர் இன்னும் குளிராக இருக்கும். செப்டம்பர் கடைசியில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும், கூட்டமும் வடிந்திருக்கும். அக்டோபர் நடுவில் மழை ஆரம்பிக்கலாம். ஆக, செப்டம்பர் கடைசி வாரம். நாடகம் போனது, மனைவி கேட்ட நீச்சல் கிடைத்தது.

தங்குமிடத்துக்கு நாங்கள் போட்ட நிபந்தனைகள் இரண்டு: தரைத்தளம், சமையலறை. பழைய வீடுகளில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. 'கடல் தெரியும் மொட்டைமாடி' என்ற விளம்பரத்தைப் பார்த்தால், அங்கே ஏற எத்தனை படி என்று வீட்டுக்காரரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். மேற்குக் கரைப் பக்கம் வீடு கிடைத்தால் நல்லது. பெரிய துறைமுகத்தைப் பார்த்த மாதிரி நடைபாதை, சூரியன் மறைவதும் அந்தப் பக்கம்தான். சாயங்காலத்துக்கு வேறு திட்டமே வேண்டாம்.

சமையலறை எதற்கு என்றால், அம்மா ஏழு மணிக்குச் சாப்பிடுகிறவர். அங்கே உணவகங்கள் இரவுச் சாப்பாட்டுக்குத் திறப்பதே ஏழரை வாக்கில். மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை பல கடைகள் சாத்திக் கிடக்கும். காலையில் அப்போலோ கோயில் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் கூடும் சந்தையில் கத்தரிக்காய், தக்காளி, எலுமிச்சை எல்லாம் கிடைக்கும். ஞாயிறு மட்டும் லீவு. இத்தாலிய ஆர்போரியோ அரிசி குட்டையாக, வெந்ததும் குழைந்துவிடும் ரகம். சாம்பாருக்கு ஆகாது, தயிர் சாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான அரிசி இல்லை என்பது என் கருத்து. சைவக்காரர்கள் வெளியேயும் தைரியமாகச் சாப்பிடலாம். கத்தரிக்காயும் உப்பிட்ட ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் போட்ட பாஸ்தா அல்லா நோர்மா, புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய்க் கூட்டு கப்போனாத்தா இரண்டும் இந்தத் தீவின் சொந்தச் சரக்கு. அரன்சீனி என்ற பொரித்த சோற்று உருண்டையை மட்டும் கேட்டு வாங்க வேண்டும், உள்ளே பெரும்பாலும் இறைச்சி இருக்கும். சில குழம்புகளில் நெத்திலி கரைந்திருக்கும், அதையும் கேட்க வேண்டும். காலையில் பாதாம் கிரனீத்தா, அதாவது துருவிய ஐஸ் மாதிரி ஒன்று. கூடத் தரும் பிரியோஷ் பன்னில் முட்டை உண்டு, அது எனக்கு.

மணல் கடற்கரையை எதிர்பார்த்து ஓர்த்தீஜா போனால் ஏமாற்றம்தான். பாறைகளிலிருந்து இறங்கி நீந்துகிற ஊர் அது. கோடையில் பாறைமேல் மரத்தளம் போட்டு ஏணி வைத்திருப்பார்கள். மனைவிக்கு அது போதும். அம்மாவை மட்டும் ஒரு நாள் டாக்சியில் அரெனெல்லாவுக்கோ ஃபொந்தானே பியாங்கேவுக்கோ கூட்டிப்போக வேண்டும். அங்கே மணல் உண்டு, குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு உண்டு.

பார்க்க வேண்டியவை என்று பட்டியல் போடவில்லை. கதீட்ரல் ஒன்றைத் தவறவிட மாட்டேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டு கிரேக்கத் தெய்வம் அத்தீனாவின் கோயில் தூண்களை இடிக்காமல், நடுவே சுவர் எழுப்பித் தேவாலயமாக்கியிருக்கிறார்கள். வெளிச்சுவரில் அந்தத் தூண்கள் இன்றும் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. முகப்பு 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு பரோக் என்ற அலங்காரப் பாணியில் கட்டியது. அங்கிருந்து கீழே இறங்கினால் அரெத்தூசா ஊற்று, கடலை ஒட்டியே நன்னீர், நடுவில் பாப்பிரஸ் புதர். நம் கோரைப்புல்லின் குடும்பம்தான் அது. ஆர்க்கிமிடீஸ் வாழ்ந்த ஊர், கி.மு. 212இல் ரோமானியர் பிடித்தபோது கொல்லப்பட்டதும் இங்கேதான். அவர் பேரில் ஒரு சதுக்கம் இருக்கிறது, நடந்தால் தானே வந்துவிடும். எட்னா எரிமலை, பலெர்மோ எல்லாம் இந்த முறை இல்லை.

இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. சென்னையிலிருந்து சிசிலிக்கு நேரடி விமானம் கிடையாது. ரோம் வழியாகச் சிசிலியின் கத்தானியா விமான நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து 60 கிலோமீட்டர், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மனைவியின் கட்சி அது. நான் ரோமிலிருந்து ரயில் என்கிறேன். சிசிலிக்கு எதிர்க்கரையில் இருக்கும் வில்லா சான் ஜொவான்னியில் பெட்டிகளைப் பிரித்து அப்படியே கப்பலுக்குள் தள்ளி, மெசினா நீரிணையைக் கடந்து மறுபடி கோத்துவிடுகிறார்கள். இலங்கைக்குப் போக நம் பழைய போட் மெயில் ரயிலில் வந்து தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேற வேண்டியிருந்தது. இங்கே ரயிலே ஏறிவிடுகிறது! "பத்து மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்தா என் முதுகு என்னாகும்டா?" என்று அம்மா கேட்டார். படுக்கை வசதியுள்ள இரவு ரயிலும் உண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தாலிக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்குள்தான் விண்ணப்பிக்க முடியும், எனவே மார்ச் கடைசிவரை வேலை இல்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். விண்ணப்பத்தோடு பயணத் திட்டத்தையும் கொடுக்க வேண்டும் என்பதால், ரயிலா விமானமா என்று அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். இப்போதைக்கு ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. அம்மா இன்னும் யோசிக்கிறார்.