ரசத்தில் விட்ட மருந்து

மனநோய்க்கான மருந்தை, சாப்பிடுகிறவருக்கே தெரியாமல் மறைத்துக் கொடுப்பது எங்கள் மனநல வேலையில் யாரையும் அதிரவைக்கும் சங்கதி இல்லை. மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் போடுவார்கள், சொட்டு மருந்தை மோரில் விடுவார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் கோளாறு" என்று மாத்திரையைத் தட்டிவிடும் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது என்று கேட்கும் குடும்பங்களை ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் மருந்து சாப்பிடுகிறவரே என் முகத்தைப் பார்த்துக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"அக்கா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு கேக்குறேன். எங்கம்மா என் சோத்துல எதனா கலக்குதா?"

காசிமேட்டில் ஒரு டீக்கடை வாசல். அவனுக்கு 22 வயது, பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராதவன் என்னோடு டீ குடிக்கத் தெருமுனை வரை வரத் தொடங்கியிருந்தான். நான் சொன்னது இதுதான்: "இத உங்க அம்மாகிட்டயே கேப்போம் தம்பி. நானும் கூட வரேன்."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "அப்ப கலக்குதுன்றீங்க."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவனுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

எனக்கு விஷயம் தெரியும். எங்களிடம் வருவதற்கு முன்பே வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்த ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து, திரவமாக. நிறம் கிடையாது. டீயில் மட்டும் விடக்கூடாது, டீயோடு அது சேராது. அந்த அம்மா பாட்டிலைப் புளி ஜாடிக்குள் வைத்திருந்தார். அளவு மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோடு வரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ரசத்தில் விடுவார். விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய், கூடையோடு தெருத்தெருவாக அலைந்து திரும்பிய களைப்பிலும் அந்த அளவு தப்பாது. அதை வெறும் ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வராது.

கொஞ்சம் தெளிந்ததும் அவனிடம் சொல்லிவிடலாம் என்று எங்கள் குழுவில் பேசி வைத்திருந்தோம். தெளியவும் செய்தான். தூக்கம் வந்தது, காதில் கேட்ட குரல்கள் தணிந்தன. ஆனால் "கொஞ்சம் தெளிவு" எந்த நாளில் வருகிறது என்று யார் சொல்வது? நன்றாக இருக்கும்போது ஏன் கெடுக்க வேண்டும் என்று தோன்றும், நன்றாக இல்லாதபோது இப்போது வேண்டாம் என்று தோன்றும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் முதலில் மாறத் தொடங்கியபோது, யாரோ இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்றுதான் வீட்டுப் பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். அதை எடுக்க ஒருவரிடம் கூட்டிப்போய் வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். ஆக, சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்ற பேச்சை முதலில் அவன் காதில் போட்டது வீடுதான். பிறகு குரல்கள் அதையே சொல்லின. அதற்கும் பிறகு, நிஜமாகவே கலந்தார்கள்.

கால் ஓரிடத்தில் நிற்காமல் துடிக்கிறது, உடம்பு இறுகுகிறது, எச்சில் ஊறுகிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாம் இந்த மருந்துக்கு வரக்கூடிய பக்கவிளைவுகள். மருந்து சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவர் "டோஸைக் குறைங்க" என்று டாக்டரிடம் கேட்பார். தெரியாதவருக்கு விஷம் என்பதைத் தவிர வேறென்ன தோன்றும்? மற்ற விஷயங்களில் அவனுக்குக் குழப்பம் இருந்தது. இந்த ஒன்றில் அவன் நினைத்தது சரி. அன்றைக்கு நான் "இல்லை" என்றிருந்தால், அவன் சரியாகக் கண்டுபிடித்த ஒன்றை நோய் என்று நானே முத்திரை குத்தியிருப்பேன்.

இப்படி நினைக்கும்போது சமாதானமாக இருக்கிறது. அப்புறம் நடந்ததை நினைத்தால் அந்தச் சமாதானம் போய்விடுகிறது.

அன்று மாலையே மூவரும் உட்கார்ந்து பேசினோம். அம்மா அழுது ஒப்புக்கொண்டார். அவன் கத்தவில்லை. மறுநாளிலிருந்து வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. பிஸ்கட், பன், கடை பரோட்டா. மருந்து திடீரென்று நின்றது. குரல்கள் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பின. கடைசியில் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில், அவனுக்கு நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை விஷயத்தில் சட்டப்படி அவன் சார்பில் நிற்பவராக இருந்த அம்மா கையெழுத்துப் போட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். 2017-இல் வந்த அந்தச் சட்டம், ஒருவருடைய முடிவு நமக்குத் தவறாகப் படுகிறது என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்கிறது. சேர்க்கை, சம்மதம், மேல்முறையீடு எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு. புளி ஜாடிக்குள் இருக்கும் பாட்டிலைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வார்டு வராந்தாவில் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "இல்லன்னு ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா, எம்புள்ள என் கையால துன்னுருப்பான்."

என்னிடம் பதில் இல்லை. சட்டத்தைச் சொல்லவா அந்த நேரத்தில்?

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பும் கனடாவின் மான்ட்ரியலில் ஒரு குழுவும், முதல்முறை சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது போன்ற நிலை) வந்தவர்களுக்கு ஒரே மாதிரியான சிகிச்சை கொடுத்து 2 ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தன. ஒதுங்கிப் போவது, எதிலும் நாட்டமில்லாமல் கிடப்பது போன்ற அறிகுறிகள் சென்னையில்தான் கூடுதலாகக் குறைந்தன. குடும்பத்தின் ஆதரவுக்கு அதில் பங்கு உண்டு என்றார்கள். பயிற்சி வகுப்புகளில் இதை நான் பெருமையாகச் சொல்வேன். நோய் தொடங்கும் முதல் சில ஆண்டுகளில் கிடைக்கும் கவனிப்புக்குப் பிற்பாடு எப்படிப் போகும் என்பதில் பெரிய பங்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அந்த ஆதரவு என்பது இந்த அம்மாவும்தான், அவர் கையிலிருந்த அளவு மூடியும்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை என்று சில நாள் தோன்றுகிறது. உரிமை இருக்கிறது, இல்லாவிட்டால் அந்தப் பையனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள் என்று வேறு சில நாள் தோன்றுகிறது.

இப்போது அவன் மாத்திரையைத் தன் கையால் பிரித்துப் போட்டுக்கொள்கிறான். கால் துடித்தால் ஓ.பி.யில் அவனே சொல்கிறான், டாக்டர் டோஸை மாற்றித் தருகிறார். எனக்குப் போன் செய்து பேசுகிறான். ஆனால் அம்மா பரிமாறும் சோற்றைச் சாப்பிடுவதில்லை. தானே அரிசி களைந்து தனியாகப் பொங்கிக்கொள்கிறான். அந்த அம்மா என்னிடம் அளந்துதான் பேசுகிறார்.

புதிதாக வேலையில் சேர்ந்தவர்களிடம், மறைத்துக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த அன்றே, அதை எப்போது, யார் சொல்லப்போகிறோம் என்று நாள் குறித்துவிடுங்கள் என்கிறேன். நம்பித்தான் சொல்கிறேன். போன வாரம் வியாசர்பாடியில் ஒரு அம்மா, மகள் நாலு நாளாகத் தூங்கவில்லை, மொட்டை மாடி விளிம்பில் போய் நிற்கிறாள், பாலில் கலந்து கொடுக்கட்டுமா என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். டாக்டரிடம் போனில் பேசினேன். பிறகு, "இன்னிக்கு ராத்திரி கொடுங்கம்மா, காலையில முதல் வேலையா நான் வரேன்" என்றேன். நாள் எதையும் குறிக்கவில்லை.