சித்தப்பாவைத் தனியாக நிற்க வைத்தல்

மும்பையில் ராத்திரி ஒரு மணிக்கும் தெரு காலியாவதில்லை. தனி ஆளாக ஒருவர் விளக்கடியில் நிற்கும் படம் வேண்டுமென்றால், அந்தத் தனிமையை நாமேதான் ஏற்பாடு செய்ய வேண்டும். தெரியாத ஆளை ஒளிந்திருந்து எடுப்பதில் எனக்கு இஷ்டமில்லை. அதனால் தாராவியில் இருக்கும் சித்தப்பாவைப் பிடித்தேன். 1930களில் பாரிஸின் இரவுகளை எடுத்த புகைப்படக்காரர் பிராசாய்கூடப் பல படங்களில் ஆட்களைச் சொல்லி நிற்க வைத்தவர்தான். எக்ஸ்போஷர் நேரத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழ விடும் நேரத்தை, அவர் சிகரெட் எரிவதை வைத்து அளப்பாராம்.

படம் எடுத்த இடங்கள் மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்கள், அப்புறம் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மாநகர பஸ் நிறுத்தம். கடைசி லோக்கல் ரயில் போனதற்கும் விடிகாலை முதல் லோக்கலுக்கு ஆள் சேர்வதற்கும் நடுவில் கிடைக்கும் நேரம்தான் நமக்கு.

முதலில் படித்துக்கொண்டது விளக்கைப் பற்றி. மஞ்சளாக எரியும் சோடியம் தெருவிளக்கின் நிற அளவு சுமார் 2000 கெல்வின்; எண் குறையக் குறைய ஆரஞ்சு கூடும். பல கேமராக்களில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் 2500க்குக் கீழே இறங்காது. எவ்வளவு திருகினாலும் கொஞ்சம் ஆரஞ்சு மிஞ்சும். அந்த ஒளியில் பெரும்பகுதி மஞ்சள்தான் என்பதால், சித்தப்பாவின் நீலச் சட்டை கறுப்பாகிவிட்டது. வெள்ளைச் சட்டை போடச் சொன்னேன், படத்தில் ஆள் பளிச்சென்று தெரிந்தார். எல்ஈடி விளக்கடியில் இந்தத் தொல்லை இல்லை, எல்லா நிறமும் வரும். ஆனால் இரவு என்ற உணர்வு பாதி போய்விடும். 2015இல் மரைன் டிரைவில் வெள்ளை எல்ஈடி போட்டபோது ஊரே ஏன் சண்டைக்கு வந்தது, பிறகு ஏன் மஞ்சளுக்கே திரும்பினார்கள் என்பது இப்போது புரிகிறது.

பஸ் நிறுத்தத்தில் விளம்பரப் பலகை பின்னாலிருந்து எரிவதால் முகம் இருண்டுவிடும். சின்ன எல்ஈடி விளக்கு ஒன்றில் ஆரஞ்சு ஜெல் (நிறம் மாற்றும் கண்ணாடித் தாள்) ஒட்டி, மளிகைப் பைக்குள் வைத்து அவர் மடியில் கொடுத்தேன். வெளிச்சம் பையிலிருந்து வருவது தெரியக் கூடாது. தெருவிளக்கை விடக் குறைவாக இருந்தால்தான் கண் நம்பும். கேமராவில் வைத்தது: லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/15 நொடி. அதைவிட ரொம்ப வேகமாகப் போனால் சில விளக்குகள் படத்தில் பட்டை பட்டையாக விழுகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது.

விளக்கைவிடக் கஷ்டம் கைகள்தான். "சும்மா இருங்க சித்தப்பா" என்றால் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டார். "ஏல, கைய எங்கல வைக்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மாட்டுங்கா பூக்கடையில் வாழையிலையில் கட்டிக் கொடுத்த பூப்பொட்டலத்தைக் கொடுத்து, நூலை அவிழ்க்கச் சொன்னேன். முடிச்சு நிஜமாகவே இறுகிப்போயிருந்தது. கேமராவை மறந்துவிட்டார். உடம்பு அசையவில்லை, விரல்கள் மட்டும் லேசாகக் கலங்கியிருக்கின்றன. உதடு ஒரு பக்கம் கோணியிருக்கிறது. இதுவரை எடுத்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். ஏற்பாடு செய்த படத்திலும் ஆளுக்கு உண்மையான வேலை ஒன்று வேண்டியிருக்கிறது.

அடுத்தது ஜூனில், நனைந்த சாலையில், குடையோடு. கேமராவுக்கு உறை வாங்க வேண்டும். சித்தியையும் கூட்டி வரட்டுமா என்று கேட்கிறார். தனி ஆள் படமாச்சே சித்தப்பா என்றேன். "அவ உன் கேமராவுக்குக் குடை பிடிப்பால்லா?" என்கிறார்.