மெடிக்கலில் வாங்கிய ட்யூப், மூன்று முறை அலைந்த ஓபி

பரு வந்ததும் நான் செய்த பெரிய தப்பு, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மெடிக்கலில் போய் நின்றது. கடைக்காரர் முகத்தைப் பார்த்தார், ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார். நாலே நாளில் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஆறு மாதம் தடவினேன். நிறுத்தினால் இரண்டு நாளில் எரிச்சல், முன்பைவிடக் கொத்துக் கொத்தாகப் பரு. மறுபடி தடவுவேன். ஒருநாள் கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள். வெயிலில் இறங்கினால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. அன்றைக்குத்தான் பயந்துபோனேன்.

அரை நாள் லீவு போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினொன்றே கால். சீட்டு கொடுக்கிறவர் தலையைத் தூக்காமலே "ஓபி முடிஞ்சுடுச்சு, நாளைக்கு வாங்க" என்றார். மறுவாரம் காலை ஏழரைக்கே வரிசையில் நின்று சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "என்ன தடவினீங்க? ட்யூப் எங்கே?" எனக்குப் பெயரே தெரியாது. வெள்ளை ட்யூப், பச்சைக் கோடு, அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். மெடிக்கலில் போய் பில் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா?" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வீட்டில் தேடித் தேடி, பாத்ரூம் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று கிடைத்தது. கடைசித் துளி வரை வழிக்க வேண்டும் என்று கத்தரியால் வெட்டித் திறந்திருந்தேன். மடிந்த ஓரத்தை நீவி நீவிப் படித்தேன்: பீட்டாமெத்தசோன். சிவப்பைச் சட்டென்று அடக்கி, நாள்பட்டால் தோலையே கெடுக்கும் ஸ்டீராய்டு. 2018இலேயே 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. எனக்கு அது மிட்டாய் மாதிரி கிடைத்தது. தயவுசெய்து எந்த க்ரீம் வாங்கினாலும் அட்டையில் ஸ்டீராய்டு பெயர் (பலவும் 'சோன்' என்று முடியும், எல்லாமே அல்ல) இருக்கிறதா என்று பாருங்கள். ட்யூபைத் தூக்கியும் போடாதீர்கள்.

மூன்றாவது தடவை டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். தலைக்கு எண்ணெய் வைப்பீர்களா, ஹெல்மெட் போடுவீர்களா, பருவைக் கிள்ளுவீர்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம். எண்ணெய் வழிகிற நெற்றியோரம் ஒரு வரிசை, ஹெல்மெட் வார் உரசுகிற தாடையில் ஒரு வரிசை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டுகிறவள் நான். வீட்டுக்கு வந்ததும் தூசி போக வேண்டும் என்று சோப்பால் தேய்ப்பேன், ஒரு நாளைக்கு ஆறு முறை. அதுவே தோலைக் காயவைத்துப் புண்ணாக்கியிருக்கிறது. இனி இரண்டு முறை, மென்மையான ஃபேஸ்வாஷ் போதும் என்றார்.

பருவுக்குப் பயந்து பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுவதைக்கூட விட்டிருந்தேன். அது தேவையே இல்லையாம். சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களும், சிலருக்குப் பாலும்தான் பருவைக் கிளப்பும். எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீ, கூடவே க்ரீம் பிஸ்கட். அதைக் குறைத்தேன்.

எண்ணெய் விஷயத்தில் அம்மாவோடு ஒரு வாரம் சண்டை. "எண்ணெய் வைக்காம எப்படிடி முடி நிக்கும்?" கடைசியில் சனிக்கிழமை ராத்திரி வைத்து ஞாயிறு காலை அலசுவது என்று சமாதானம் ஆனோம்.

ராத்திரி முகத்தில் தடவ அடாபலீன் என்ற பரு மருந்து கொடுத்தார்கள், பட்டாணி அளவு. கர்ப்பமாக இருப்பவர்கள் இதைப் போடக் கூடாது. காலையில் தடவ பென்சாயில் பெராக்சைடு, அதுவும் பரு மருந்துதான். அது துணியை வெளுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. என் மெரூன் தலையணை உறை இப்போது திட்டுத் திட்டாக ஆரஞ்சு. முதல் மூன்று வாரம் முகம் இன்னும் மோசமானது, அழுதேன். விட்டுவிடாதீர்கள். எனக்குப் பத்தாவது வாரம்தான் புதுப் பரு வருவது நின்றது. சிவப்பு நரம்புகள் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அப்புறம், ஹெல்மெட் வாங்கும்போது உள்பஞ்சு கழற்ற வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். என்னுடையதை முதல் முறை ஊறவைத்தபோது பக்கெட் தண்ணீர் டீக்காஷன் நிறத்துக்கு வந்தது. அதைத்தான் அத்தனை நாளும் தாடையில் ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.